விசா ரெடி... வீட்டுப் பச்சைக்கிளியை விமானத்தில் ஏற்ற முடியுமா? சட்டம் என்ன சொல்கிறது?

துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை உறுதியாகிவிட்டது. குடும்பத்துக்கும் விசா வந்துவிட்டது. பைக்கை யாருக்கு விற்பது, பிரிட்ஜை யார் வீட்டில் வைப்பது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்துகொண்டு வரும்போது கடைசியில் ஒரு கேள்வி மிஞ்சும்: 'அப்போ கிளியை என்ன பண்றது?'

நாய், பூனைக்கு மைக்ரோசிப், தடுப்பூசி, ஹெல்த் சர்ட்டிபிகேட் என்று ஒரு வழி இருப்பது பலருக்கும் தெரியும். கிளிக்கும் அப்படி ஏதாவது ஒரு பெர்மிட் இருக்கும், கொஞ்சம் அலைந்தால் வாங்கிவிடலாம் என்றுதான் நினைப்பார்கள். குடும்பம் புறப்படும் வீடு அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ இருந்து, கூண்டில் இருப்பது கழுத்தில் ரோஜா நிற வளையம் போட்ட நம்ம ஊர்ப் பச்சைக்கிளியாகவும் இருந்தால், பதில் ரொம்பச் சின்னது. அப்படி ஒரு பெர்மிட் கிடையாது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்கு மட்டுமல்ல, வீட்டில் வைத்திருப்பதற்கே கிடையாது.

இந்தப் பதில் பலருக்கும் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஏனென்றால் இந்தப் பக்கத்தில் கிளி என்பது காட்டு உயிரினமாக யார் மனதிலும் பதிவாகவில்லை.

வானம் பார்த்த கரிசல் பூமி இது. சோளமும் கம்பும் கதிர் பிடிக்கும் நேரத்தில் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் பச்சைக்கிளிகளை, தகர டப்பாவைத் தட்டியும் கவண் சுற்றியும் விரட்டிய ஞாபகம் பந்தல்குடி, நரிக்குடி பக்கத்துப் பெரியவர்களிடம் இருக்கும். கண்மாய்க் கரையில் தலை போய் நிற்கும் மொட்டைப் பனைகளின் பொந்துதான் அவற்றுக்குக் கூடு. அந்தப் பொந்தில் கையை விட்டு எடுத்து வந்த குஞ்சுதான் சந்தையிலும் தெருவிலும் விற்பனைக்கு வந்து, திண்ணையில் தொங்கும் கூண்டில் 'அக்கா, அக்கா' என்று கூப்பிடப் பழகுகிறது. காட்டில் எதிரி, வீட்டில் பிள்ளை. இரண்டும் ஒரே பறவை.

போதாக்குறைக்கு இதே விருதுநகர் மாவட்டத்தின் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் இருப்பது கிளி. அது தினமும் இலைகளால் புதிதாகச் செய்யப்படும் கிளி என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் கிளிக்கூண்டு மண்டபம் என்றே ஒரு மண்டபம் இருக்கிறது. ஒரு காலத்தில் நிஜமாகவே கூண்டுக் கிளிகள் இருந்த இடம் அது. இப்போது பெயர் மட்டும் மிச்சம்.

கூண்டு உங்களுடையது, கிளி?

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. பறவை ஆர்வலர்கள் செந்தார்ப் பைங்கிளி என்று சொல்லும் நம் பச்சைக்கிளி இப்போது அந்தச் சட்டத்தின் 2-வது அட்டவணையில் இருக்கிறது. அதைவிடப் பெரிதாக, தோளில் சிவப்புத் திட்டோடு இருக்கும் அலெக்சாண்டிரின் கிளியும் அதே அட்டவணைதான்.

சட்டம் 'வேட்டை' என்று எதைச் சொல்கிறது என்பதைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். துப்பாக்கியால் சுடுவது மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, கூட்டைக் கலைப்பது, முட்டையை எடுப்பது எல்லாமே வேட்டைதான். ஆக, பனைப் பொந்தில் கையை விட்ட அந்த நிமிடமே குற்றம் நடந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் குஞ்சை எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினாலும், எவ்வளவு பாசமாக வளர்த்தாலும் அந்தக் குற்றம் கழுவப்படாது.

சட்டத்தின் 39-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சட்டத்தை மீறிப் பிடிக்கப்பட்ட, அடைத்து வைக்கப்பட்ட, ஏன், கூண்டிலேயே பொரித்து வளர்க்கப்பட்ட வன உயிரினமும் அரசின் சொத்து. அப்படி ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தகவல் சொல்ல வேண்டும். முன் அனுமதி இல்லாமல் அதை வைத்திருக்கக் கூடாது, விற்கக் கூடாது, இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது.

பெர்மிட் கிடையாது என்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒரு பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்பவர் முதலில் அது தன்னுடையது என்று காட்ட வேண்டும். பச்சைக்கிளி விஷயத்தில் அந்த முதல் காகிதமே இல்லை. பில் கொடுத்து விற்ற கடைக்காரர் இருந்தால், அந்த பில் அவர் மீதும் வாங்கியவர் மீதும் சாட்சியாகத்தான் நிற்கும்.

தண்டனை? 2-வது அட்டவணை உயிரினம் என்றால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு அபராத உச்சவரம்பு ரூ.25,000 ஆக இருந்தது. 2022-ல் நிறைவேறி 2023 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த திருத்தம்தான் அதை லட்சமாக்கியது.

இந்தப் பக்கத்து வீடுகளில் கூண்டில் வைத்து வளர்க்கும் கவுதாரியும் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் பறவைதான். கூண்டுக் கவுதாரியைக் கத்தவிட்டு, அதன் குரலுக்கு வரும் காட்டுக் கவுதாரியைக் கண்ணியில் பிடிப்பது பழைய வழக்கம் என்பதால், கூண்டைப் பார்த்ததும் வேட்டைச் சந்தேகம் வருவது இயல்பு. மயில் குஞ்சை எடுத்து வளர்ப்பவர்கள் இன்னும் பெரிய சிக்கலில் இருக்கிறார்கள். மயில் முதல் அட்டவணை. குறைந்தபட்சமே 3 ஆண்டு சிறை, 7 ஆண்டு வரை போகலாம்.

கூகுள் செய்யும் குழப்பம்

'ஆனா நெட்ல வேற மாதிரி போட்டிருக்கே?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டு உண்மைகளைத் தவறாக ஒட்டவைத்துவிடுகிறார்கள்.

2023-க்கு முன்பு எழுதப்பட்ட எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் பச்சைக்கிளி 4-வது அட்டவணையில் இருப்பதாகத்தான் இருக்கும். அப்போது சரி. இன்னொரு பக்கம், 2024-க்குப் பிறகு எழுதப்பட்ட கட்டுரைகளில் '4-வது அட்டவணை உயிரினங்களை வீட்டில் வைத்திருப்போர் பரிவேஷ் போர்ட்டலில் பதிவு செய்துகொள்ளலாம்' என்று இருக்கும். அதுவும் சரி. இரண்டையும் சேர்த்துப் படித்தால் 'கிளியைப் பதிவு செய்தால் போதும்' என்று தோன்றும். இது மட்டும் தவறு.

நடந்தது என்னவென்றால், 2022 திருத்தம் 6 அட்டவணைகளை 4 ஆகக் குறைத்தது. பழைய 4-வது அட்டவணையில் இருந்த நம்ம ஊர்க் கிளி 2-வதுக்குப் போய்விட்டது. காலியான 4 என்ற எண்ணில் இப்போது இருப்பது சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான 'சைட்டிஸ்' பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்கள். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்றவை. அவற்றை வைத்திருப்பவர்களுக்காகத்தான் 2024 பிப்ரவரியில் பதிவு விதிகள் வந்தன. 6 மாத அவகாசமும் கொடுக்கப்பட்டது. அந்தப் படிவத்தில் பச்சைக்கிளிக்கு இடமே இல்லை.

2003-லும் ஒரு பொதுமன்னிப்பு போன்ற அறிவிப்பு வந்தது. வீட்டில் இருக்கும் வன உயிரினங்களை 180 நாட்களுக்குள் அறிவித்துவிடலாம் என்றார்கள். 'அப்பா காலத்துல ஏதோ எழுதிக் கொடுத்தோம்' என்று சிலர் சொல்வது அதை மனதில் வைத்துத்தான். ஆனால் அதுவும் முதல் அட்டவணைக்கும் 2-வதின் ஒரு பகுதிக்கும் மட்டும். அன்றைக்குக் கிளி 4-வதில் இருந்ததால் அந்த ஜன்னலும் அதற்குத் திறக்கவில்லை. பாவம், எந்தத் திட்டம் வந்தாலும் கிளி வேறு அறையில்தான் இருந்திருக்கிறது.

'இது மஞ்சள் கிளி, நீலக் கிளி, ஃபாரின் வெரைட்டி' என்று சொல்லி விற்பதும் உண்டு. சட்டப் பட்டியலில் இருப்பது இனத்தின் பெயர், நிறம் இல்லை. அதனால் அதே இனத்தின் நிறம் மாறிய பறவைக்கு 'வெளிநாட்டுப் பறவை' என்று யாராவது சொல்வதை நம்பி டிக்கெட் போடுவது ஆபத்து.

யார் கேட்கப் போகிறார்கள்?

ஊரில் பாதி வீட்டில் கூண்டு தொங்கும்போது யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணம் நியாயமானதே. பல வருடங்கள் அப்படித்தான் இருந்தது. அதை மாற்றியது செல்போன் கேமரா.

2023 பிப்ரவரியில் நடிகர் ரோபோ சங்கரின் சென்னை வீட்டில் இருந்து இரண்டு அலெக்சாண்டிரின் கிளிகளை வனத்துறை பறிமுதல் செய்தது. வீட்டைச் சுற்றிக் காட்டிய யூடியூப் வீடியோவில் கிளிகள் தெரிந்ததுதான் தொடக்கம். ரூ.2.5 லட்சம் அபராதம் விதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அவர் கிளிகளைத் துன்புறுத்தியதாக யாரும் சொல்லவில்லை. வைத்திருந்ததுதான் பிரச்சினை.

அடுத்த ஆண்டு, 2024 மக்களவைத் தேர்தல் பிரசாரத்தில் கடலூர் பாமக வேட்பாளர் தங்கர் பச்சான் கிளி ஜோசியம் பார்த்த வீடியோ வைரலானது. வெற்றி நிச்சயம் என்று சீட்டு எடுத்துக் கொடுத்தது கிளி. அடுத்து வந்தது வனத்துறை. ஜோசியரைப் பிடித்து, கிளிகளைப் பறிமுதல் செய்து, எச்சரித்து அனுப்பினார்கள். தேர்தல் நேரம் என்பதால் அரசியலாகவும் பேசப்பட்டது. தினமும் தெருவில் உட்கார்ந்து பிழைப்பவர் மாட்டியதும், அவர் முன்னால் உட்கார்ந்து பார்த்தவர் மாட்டாததும் சிலருக்கு உறுத்தியது. உறுத்தல் நியாயம்தான். அதனால் கிளியின் சட்ட நிலை மாறவில்லை.

இன்ஸ்டாவில் 'எங்க வீட்டு செல்லம்' என்று ரீல்ஸ் போடும் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

நீதிமன்றங்களின் பார்வையும் அதே திசையில்தான் இருக்கிறது. 2015-ல் டெல்லி உயர் நீதிமன்றம், கூண்டில் அடைக்கப்பட்டிருந்த பறவைகள் தொடர்பான ஒரு வழக்கில், வானத்தில் பறப்பது பறவைகளின் உரிமை, அவற்றைச் சிறு கூண்டுகளில் அடைத்து வியாபாரம் செய்ய மனிதர்களுக்கு உரிமை இல்லை என்று சொன்னது.

விமான நிலையத்தில் என்ன ஆகும்?

மதுரை - தூத்துக்குடி நெடுஞ்சாலையில் ஏறினால் அருப்புக்கோட்டையில் இருந்து மதுரை விமான நிலையம் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். கிளியின் பயணம் அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

நாட்டின் ஏற்றுமதிக் கொள்கையில், வன உயிரினச் சட்டத்தின் கீழ் வரும் விலங்குகளும் பறவைகளும் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. ஆராய்ச்சி, உயிரியல் பூங்காக்களுக்கு இடையிலான பரிமாற்றம் போன்றவற்றுக்குத்தான் விலக்கு. 'வியாபாரத்துக்கு இல்லை, எங்க வீட்டுப் பறவை' என்ற வாதம் அங்கே எடுபடாது. பிடிபட்டால் வன உயிரினச் சட்டத்தோடு 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டமும் சேரும். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் நாளில் ஒரு கிரிமினல் வழக்கு என்றால், பாஸ்போர்ட்டில் இருந்து வேலை வரைக்கும் என்னென்ன சிக்கலாகும் என்று விளக்கத் தேவையில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. உலகத்தில் உள்ள கிளி வகைகளில் கிட்டத்தட்ட எல்லாமே சைட்டிஸ் பட்டியலில் இருக்கின்றன. விலக்கு நான்கே நான்குக்கு: பட்ஜெரிகர், காக்டெயில், பீச் நிற முகம் கொண்ட லவ் பேர்ட், நான்காவதாக நம்ம ஊர்ப் பச்சைக்கிளி! அதாவது சர்வதேச ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை நம் கிளிக்குக் கட்டுப்பாடு இல்லை. உலகில் அதன் எண்ணிக்கை போதுமான அளவு இருக்கிறது. இதைப் படித்துவிட்டு 'சைட்டிஸ் பெர்மிட் தேவையில்லையாமே' என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. தேவையில்லைதான். ஆனால் தடுப்பது அந்த ஒப்பந்தம் இல்லை, இந்தியச் சட்டம். ஊர்க் கதவே பூட்டியிருக்கும்போது உலகக் கதவு திறந்திருந்து என்ன பயன்?

ஏன் இவ்வளவு இறுக்கம்? ஒரு காலத்தில் இந்தியாவில் இருந்து காட்டுப் பறவைகள் பெருமளவில் கப்பலிலும் விமானத்திலும் வெளியே போய்க்கொண்டிருந்தன. 1990-91-ல் இந்தியப் பறவைகளின் வர்த்தகத்துக்கு முழுத் தடை வந்தது. இந்தியாவில் உள்ள சுமார் 1,300 பறவை இனங்களில் 450 வரை சந்தையில் கைமாறியதாக வன உயிரின வர்த்தகத்தைக் கண்காணிக்கும் 'டிராஃபிக்' அமைப்பின் பதிவுகள் சொல்கின்றன. கூட்டில் இருந்து எடுக்கும் குஞ்சுகளில் எல்லாம் சந்தை வரை உயிரோடு வந்து சேர்வதில்லை. கூண்டில் ஒன்று தொங்குகிறது என்றால், வழியில் செத்துப்போனவை கணக்கில் வராது.

அன்றைக்கு வெளியே போன பறவைகளின் கதையும் சுவாரசியமானது. கூண்டில் இருந்து தப்பியவையும் விடப்பட்டவையும் பெருகி, இன்று லண்டன் பூங்காக்களிலும் ஐரோப்பாவின் பல நகரங்களிலும் பச்சைக்கிளிக் கூட்டங்கள் கத்திக்கொண்டு பறக்கின்றன. குளிரையும் பழகிக்கொண்டன. செஷல்ஸ் தீவு நாடோ, தன் சொந்தக் கிளி இனத்துக்கு ஆபத்து என்று சொல்லி, வந்தேறியான பச்சைக்கிளிகளைப் பல வருடம் தேடித்தேடி முழுவதும் ஒழித்தது. ஆக, போகும் நாடும் இந்தப் பறவையை ஆசையோடு வரவேற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அமெரிக்கா செல்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 1900-ல் இயற்றப்பட்டு, பிறகு திருத்தப்பட்ட லேசி சட்டம், இன்னொரு நாட்டின் சட்டத்தை மீறி எடுத்துவரப்பட்ட வன உயிரினத்தை இறக்குமதி செய்வதையே அமெரிக்காவில் குற்றம் ஆக்குகிறது. இங்கே எப்படியோ தப்பித்தாலும் அங்கே அதே தவறுக்கு மறுபடி பதில் சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் மட்டும் எப்படி?

தங்கள் நாட்டுப் பறவைகளை வெளியே அனுப்புவதில் மிகவும் கறாரான நாடு ஆஸ்திரேலியா. ஆனாலும் அங்கே ஒரு சிறு வழி வைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட சில உள்நாட்டுப் பறவை இனங்களை மட்டும், நாட்டைவிட்டுக் குடிபெயரும் உரிமையாளர், அரசு அனுமதி பெற்று வீட்டுச் செல்லமாகக் கூடவே கொண்டுபோகலாம். இந்தியாவிலும் அப்படி ஒன்று வைத்தால் என்ன என்று தோன்றலாம்.

வித்தியாசம் பறவை எங்கே இருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. அங்கே அந்த இனங்கள் கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்யப்படுகின்றன. இங்கே பச்சைக்கிளியை யாரும் சட்டப்படி இனப்பெருக்கம் செய்து விற்பதில்லை. விற்பனைக்கு வருவது மொட்டைப் பனையில் இருந்தும் ஆலமரப் பொந்தில் இருந்தும் எடுத்தது. அதற்கு ஏற்றுமதிப் பெர்மிட் கொடுத்தால், அது பனை மரம் ஏறுபவருக்குக் கொடுத்த பெர்மிட் ஆகிவிடும். கடுமையான சட்டம்தான். ஆனால் காரணம் இல்லாத கடுமை இல்லை.

அப்போ எந்தப் பறவையைக் கொண்டுபோகலாம்?

நம்ம ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்பது பெரும்பாலும் பட்ஜெரிகர். ஆஸ்திரேலிய இனம். இதற்கும் காக்டெயிலுக்கும் இந்திய வன உயிரினச் சட்டமும் குறுக்கே வராது, சைட்டிஸும் வராது. இவற்றைக் கொண்டுபோவது சாத்தியம். சுலபம் என்று அர்த்தம் இல்லை.

மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு மையத்தில் ஏற்றுமதிக்கான ஆரோக்கியச் சான்று வாங்க வேண்டும். நமக்கு அருகில் உள்ள மையங்கள் சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கின்றன. மதுரையில் இருந்து நேரடியாக ஏற்றிவிடலாம் என்று திட்டமிடுபவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும். விமான நிறுவனங்கள் பலவும் பறவையைப் பயணிகள் பகுதியில் அனுமதிப்பதில்லை. கார்கோவில் போகும் கூண்டுக்கு அளவு, காற்றோட்டம், தண்ணீர் வசதி எல்லாவற்றுக்கும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிகள் உண்டு.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி என்றால் கதையே வேறு. அது 2017 ஜனவரி முதல் சைட்டிஸின் மிகக் கடுமையான முதல் இணைப்பில் இருக்கிறது. பரிவேஷில் பதிவு, பறவை பண்ணையில் பிறந்தது என்பதற்கான ஆதாரம், காலில் மூடிய வளையம், இந்தியாவின் ஏற்றுமதிப் பெர்மிட், போகும் நாட்டின் இறக்குமதிப் பெர்மிட் என்று எல்லாம் வேண்டும். நகை, தோல்பை போன்ற சொந்தப் பொருட்களுக்குச் சைட்டிஸ் தரும் சலுகை உயிருள்ள பறவைக்குக் கிடையாது.

இதெல்லாம் முடிந்தாலும் கடைசி வார்த்தை போகும் நாட்டுடையது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தைத் தவிர வேறு எந்த நாட்டில் இருந்தும் செல்லப் பறவைகளை ஏற்பதில்லை. அமெரிக்காவில் அரசு மையத்தில் 30 நாள் தனிமை, செலவு உரிமையாளருடையது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஒருவர் அதிகபட்சம் 5 பறவைகள், அதுவும் பறவைக் காய்ச்சல் தொடர்பான நிபந்தனைகளோடு. சிங்கப்பூரிலும் முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வாங்காமல் முடியாது. பறவைக் காய்ச்சல் எங்காவது பரவினால் விதிகள் ஒரே இரவில் மாறும். ஆகவே முதல் போன் கால் அந்த நாட்டின் கால்நடைத் துறைக்குத்தான். பதில் 'முடியாது' என்றால் இங்கே அலைவது வீண்.

ஒரு விஷயத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். போன பறவை திரும்பி வருவது போனதைவிடக் கஷ்டம். வெளிநாட்டுப் பறவையை இந்தியாவுக்குள் கொண்டுவர வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் தேவை. இரண்டு வருட கான்ட்ராக்டில் போகிறவர்கள், பறவைக்கு ஊரிலேயே நல்ல வீடு பார்ப்பது அதற்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது.

பச்சைக்கிளியை என்னதான் செய்வது?

முதலில், கூண்டைத் திறந்து விடக் கூடாது. பாவ மன்னிப்பு மாதிரி மனசுக்கு இதமாக இருக்கும். பறவைக்கு அது பெரும்பாலும் மரண தண்டனை. குஞ்சில் இருந்து சோறும் மிளகாய்ப் பழமும் தின்று வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. இறகு வெட்டப்பட்டிருந்தால் நான்கடி கூடப் பறக்காது. காக்கையும் வல்லூறும் பூனையும் அதைக் கண்டுபிடிக்க அரை நாள் போதும். மனிதக் கையைக் கண்டு பயப்படாத கிளி, அடுத்த தெருவில் இன்னொருவர் கூண்டுக்குப் போகவும் வாய்ப்பு அதிகம்.

செய்ய வேண்டியது வனத்துறையிடம் ஒப்படைப்பது. அருகில் உள்ள வனச்சரக அலுவலகத்துக்கு எடுத்துப்போய், எப்போது இருந்து இருக்கிறது, எப்படி வந்தது என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். தானாக வந்து கொடுப்பவர் மீது வழக்கே போட முடியாது என்று சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. இருந்தாலும் நடைமுறையில், ஒப்படைக்கச் சொல்லி வனத்துறையே வேண்டுகோள் விடுப்பதும், கொண்டுவருபவர்களிடம் இருந்து பறவையைப் பெற்றுக்கொள்வதும் தமிழகத்தில் நடக்கிறது. வீடியோ வைரலான பிறகு மாட்டுவதற்கும், தானாகப் போய் ஒப்படைப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

ஒப்படைத்த கிளியைக் கால்நடை மருத்துவர் பார்ப்பார். பறக்கும் நிலையில் இருந்தால் பெரிய கூண்டில் மற்ற கிளிகளோடு பழக்கி விடுவிப்பார்கள். முடியாதவை உயிரியல் பூங்கா போன்ற இடங்களில் வாழ்நாளைக் கழிக்கும். சென்னையில் பிடிபடும் கிளிகள் கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போவது வழக்கம். வீட்டில் கிடைத்த பாசம் அங்கே கிடைக்காது. குழந்தைகள் அழும். அதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை.

வாங்கச் சொல்லி யாராவது குஞ்சோடு வந்தால், அவர்களைப் பற்றித் தகவல் சொல்லவும் இடம் உண்டு. வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் தென் மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அதன் எல்லைப் பிரிவு ஒன்று பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. கடல் வழிக் கடத்தலைக் கவனிப்பதுதான் அங்கே முக்கிய வேலை.

'நாங்க மட்டும் போறோம், கிளியைப் பாட்டிகிட்ட விட்டுட்டுப் போறோம்' என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் கடைசியாக எடுக்கப்படும் முடிவு. பச்சைக்கிளி 20 வருடத்துக்கு மேல் வாழக்கூடிய பறவை. 39-வது பிரிவின்படி கைமாற்றிக் கொடுப்பதும் தவறு, வாங்கி வைத்திருப்பதும் தவறு. மகனும் மருமகளும் துபாயில் இருக்கும்போது திருச்சுழி வீட்டுக் கதவை வனத்துறை தட்டினால், கூண்டுக்குப் பக்கத்தில் நிற்பது பாட்டி மட்டும்தான். வழக்கு அவர் பெயரில்தான் வரும். டிக்கெட் போடுவதற்கு முன்பே, வீட்டில் எல்லோரும் ஊரில் இருக்கும்போதே, வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வருவது அவருக்குச் செய்யும் உதவி.